மரபணு மாற்றுப் பயிர்கள்: ஆபத்து உண்பவருக்கா, வயலுக்கா?

நுண்ணோக்கி:

தாவரத் திசு வளர்ப்புக் கூடத்தில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மரபணு மாற்றம் என்றதும் தக்காளியில் ஊசி குத்தியிருக்கும் படத்தைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். அங்கே நடப்பது அதைவிட அமைதியான வேலை. இளம் இலையைச் சிறு வட்டங்களாக வெட்டி, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா கலந்த நீரில் சில நிமிடங்கள் நனைத்து எடுப்போம். செடிகளின் தண்டில் கழலை உண்டாக்கும் பாக்டீரியா அது. தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்துவது அதன் இயல்பான பிழைப்பு. கழலை உண்டாக்கும் மரபணுவை நீக்கிவிட்டு, நமக்கு வேண்டியதை அதனிடம் கொடுத்தனுப்புகிறோம். பிறகு நுண்ணுயிர்க்கொல்லி கலந்த கூழில் இலைத்துண்டுகளை அடுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில வாரங்களில் பெரும்பாலானவை வெளிறிச் செத்துவிடும். ஒன்றிரண்டின் ஓரத்தில் மட்டும் கடுகளவு பச்சை தலைகாட்டும். அதுதான் புதிய செடி.

அந்தக் கடுகளவு பச்சைக்குள் எந்த மரபணு போயிருக்கிறது என்று கேட்காமல், "மரபணு மாற்றுப் பயிர் நல்லதா கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்பது எனக்குப் பிடிபடுவதே இல்லை. புழுவைக் கொல்லும் புரதம் வைத்த செடியும், களைக்கொல்லியைத் தாங்கும் செடியும், வைரஸைத் தடுக்கும் செடியும் மூன்று வேறு பொருள்கள். மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுதினால் அந்தத் தீர்ப்பு மூன்றுக்குமே பொருந்தாது.

பரவலைப் பாருங்கள். 1994ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த, மெதுவாகக் கனியும் தக்காளிதான் தொடக்கம். அது சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. 1996ல் உலகம் முழுவதும் சுமார் 17 இலட்சம் ஹெக்டேராக இருந்த பரப்பு, 2019ல் 29 நாடுகளில் 19 கோடி ஹெக்டேரைத் தொட்டது. ஆனால் அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா, கனடா, இந்தியா என்ற ஐந்து நாடுகளில்தான். பெரும்பகுதி சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்ற எண்ணெய் வித்து ஆகிய நான்கே பயிர்கள். குணங்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டுதான்: களைக்கொல்லித் தாங்குதிறன், புழு எதிர்ப்பு. உலகத்துக்கே சோறு போடும் புரட்சி என்று சொன்னார்கள். வந்ததென்னவோ பெருவயல்களின் களைக்கும் புழுவுக்குமான தீர்வு. இரண்டுக்கும் இடைவெளி பெரிது.

2016ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 900க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி ஓர் அறிக்கை தந்தன. ஏற்கெனவே சந்தையில் உள்ள மரபணு மாற்று உணவுகள் மற்ற உணவுகளைவிட உடல்நலத்துக்கு அதிக ஆபத்தானவை என்பதற்கு நிலைநாட்டப்பட்ட சான்று இல்லை என்றது அது. அதே அறிக்கைதான், இந்தப் பயிர்களால் அமெரிக்காவின் விளைச்சல் வளர்ச்சி வேகம் கூடியதாகத் தெரியவில்லை என்றும், களைக்கொல்லிக்கு மசியாத களைகள் பெரிய வேளாண் சிக்கலாகிவிட்டன என்றும் சொன்னது. ஆதரிப்பவர் முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறார், எதிர்ப்பவர் இரண்டாம் பாதியை. இந்த இழையில் இரண்டையும் சேர்த்துப் பேசுவோமா?

கேள்விக்குறி:

ஐயா, நீங்கள் கூடத்துக்குள் இருந்து பார்க்கிறீர்கள். நான் இரண்டு குழந்தைகளுக்குச் சோறு போடும் இடத்திலிருந்து பார்க்கிறேன். "நிலைநாட்டப்பட்ட சான்று இல்லை" என்பதும் "ஆபத்து இல்லை" என்பதும் ஒன்றா? அமெரிக்காவில் 1992ல் வகுத்த கொள்கைப்படி, பழைய உணவோடு கணிசமாக ஒத்திருந்தால் உணவுத்துறையைக் கலந்தாலோசிப்பதுகூட நிறுவனத்தின் விருப்பம்தான். சோதனைத் தரவைத் தருவதும் விற்கப்போகிற நிறுவனமே. தேர்வு எழுதுபவனே விடைத்தாளைத் திருத்துவது போல இல்லையா இது? 2012ல் பிரான்சில் எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் மரபணு மாற்று மக்காச்சோளத்தைக் கொடுத்துப் பார்த்தபோது கட்டிகள் வந்தனவே, அந்த ஆய்வை ஏன் திரும்பப் பெறவைத்தார்கள்?

என் தட்டில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதுங்கள். முதலில் அது போதும்.

மருதம்:

அம்மா, நான் ஒவ்வாமைச் சிகிச்சை செய்யும் மருத்துவர். உங்கள் கேள்விகளில் இரண்டு மிக நியாயமானவை, ஒன்று தவறான இடத்தில் நிற்கிறது. தவறானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த எலி ஆய்வில் பயன்படுத்திய எலி இனம், எதைத் தின்றாலும் முதுமையில் தானாகவே கட்டி வளர்க்கும் இனம். ஒரு குழுவுக்கு ஒரு பாலில் 10 எலிகள்தான். இரண்டு ஆண்டு ஓடும் ஆய்வில், தானாக வந்த கட்டியையும் உணவால் வந்த கட்டியையும் பிரித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவே போதாது. 2013ல் அதை வெளியிட்ட ஆய்விதழே திரும்பப் பெற்றது. 2014ல் வேறோர் ஆய்விதழில் மீண்டும் வந்தது. ஆனால் எண்ணிக்கை அதேதான். படங்களில் அந்த எலிகளின் கட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அது மனதை விட்டு அகலாது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் படம் சான்றாகிவிடாது.

இனி நியாயமானவை. இந்தத் துறையில் உண்மையான எச்சரிக்கை மணி அடித்த சம்பவங்கள் உண்டு, ஆனால் எதிர்ப்பவர்கள் அவற்றைப் பேசுவதே இல்லை. சோயாவின் புரதச் சத்தைக் கூட்டுவதற்காகப் பிரேசில் கொட்டையின் மரபணுவை அதில் வைத்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தத்தை வைத்துச் சோதித்தபோது, ஒவ்வாமை தரும் புரதமே சோயாவுக்குள் போயிருந்தது தெரிந்தது. 1996ல் அந்த முடிவு வெளியானது. பயிர் சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வண்டு எதிர்ப்புக்காக அவரையின் மரபணுவைப் பட்டாணியில் வைத்தார்கள். பட்டாணிக்குள் அந்தப் புரதத்தின் அமைப்பு சற்றே மாறி, எலிகளின் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டியது. 2005ல் அதுவும் நிறுத்தப்பட்டது. சோதனை வேலை செய்கிறது என்பதற்கு இவை சான்று. சோதனை இல்லாமல் விடக்கூடாது என்பதற்கும் இவையே சான்று.

மூன்றாவது சம்பவம்தான் என்னை இன்னும் உறுத்துவது. ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தில் இருந்த புரதம் செரிமானத்தில் மெதுவாகச் சிதைந்தது. ஒவ்வாமை தரக்கூடும் என்ற ஐயத்தால் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு அது மனிதர் உண்ணும் சோள அப்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் அந்தப் புரதத்துக்கான எதிர்வினை எதுவும் தென்படவில்லை, அதுவரை நல்லது. ஆனால் "இது மாட்டுக்கு, இது மனிதருக்கு" என்று காகிதத்தில் எழுதிவிட்டால் களஞ்சியத்தில் கொட்டிய சோளம் அதைப் படிக்குமா? அனுமதி கொடுத்தவர்கள் விதையைச் சோதித்தார்கள், லாரியையும் கிடங்கையும் ஆலையையும் நினைத்துப் பார்க்கவில்லை.

பொட்டலத்தில் எழுத வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆபத்து இருக்கிறது என்பதற்காக அல்ல. வாங்குபவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. அதோடு, எங்காவது ஒரு நோயாளிக்கு ஏதாவது வந்தால், என்ன தின்றார் என்று பின்னோக்கித் தேட எனக்கு ஒரு தடயம் வேண்டும்.

பருத்திக்காரர்:

நான் புழுவைக் கொல்லும் புரதம் வைத்த பி.டி. பருத்தி போட்டவன், இன்னும் போடுகிறவன். இங்கே எல்லோரும் தட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் வயலில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் விதை வாங்கினால் 450 கிராம் பெட்டியோடு 120 கிராம் பொட்டலம் ஒன்றும் சேர்ந்து வரும். அதில் இருந்தது சாதாரணப் பருத்தி விதை. அதை வயலைச் சுற்றி ஐந்து வரிசை போடச் சொல்லி அச்சடித்திருக்கும். ஏன் போட வேண்டும் என்று எனக்கு விதை கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், புழு விழும்" என்றார். நானும் தூக்கித்தான் போட்டேன். நான் மட்டுமா, எனக்குத் தெரிந்து அதைப் போட்டவர் ஒருவர்கூட இல்லை.

முதல் சில ஆண்டுகள் நன்றாகவே போயின. மருந்தடிப்பது குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஓர் ஆண்டு பூக்கள் சரியாக விரியாமல், இதழ்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ரோஜா மொட்டுப் போல நின்றன. காய்களோ வெளியே பச்சையாக, பளபளவென்று இருந்தன. ஒரு துளைகூடத் தெரியவில்லை. ஒன்றைப் பிளந்து பார்த்தேன். உள்ளே பஞ்சு பழுப்பேறிக் கட்டியாகக் கிடந்தது. விதையைக் குடைந்துகொண்டு இளஞ்சிவப்பில் ஒரு புழு. அடுத்த காயைப் பிளந்தேன், அதிலும் இருந்தது. அந்தப் புரதத்தைத் தின்று சாக வேண்டிய புழு அதைத் தின்றே வளர்ந்திருக்கிறது.

அந்த 120 கிராம் எதற்கு என்பதைப் பல ஆண்டுகள் கழித்து நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன். எந்தப் பாதுகாப்புக் குழுவும் எனக்குச் சொல்லவில்லை.

நுண்ணோக்கி:

பருத்திக்காரர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். தெரியாதவர்களுக்காக அந்தப் பொட்டலத்தின் கணக்கை விளக்கிவிடுகிறேன்.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. அதன் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் உள்ள ஏற்பிகளில் ஒட்டி, ஓட்டை போட்டுக் கொல்கிறது. நம் இரைப்பை அமிலத்தன்மை உடையது, அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. உண்பவருக்கு அது பிரச்சினையாகாததன் காரணம் அதுதான். ஆனால் கோடிக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே எதிர்ப்புத்திறன் இருக்கும். வயல் முழுக்க பி.டி. மட்டும் இருந்தால் அந்த ஒன்றிரண்டு மட்டும் பிழைத்து, தங்களுக்குள்ளேயே இனம்பெருக்கும். பக்கத்தில் சாதாரணப் பருத்தி இருந்தால் அங்கே ஆயிரக்கணக்கில் சாதாரண அந்துப்பூச்சிகள் வளரும். எதிர்ப்புள்ளது அவற்றோடு கூடும்போது, பிறக்கும் புழுவுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பு போதாமல் செத்துவிடும். அந்த ஐந்து வரிசை புழுவுக்கு விட்டுக்கொடுக்கும் பங்கு. அதைத்தான் புகலிடப் பயிர் என்கிறோம்.

இப்போது ஒரே புழு, ஒரே மரபணு, மூன்று நாடுகள். அமெரிக்காவின் அரிசோனாவில் விவசாயிகள் புகலிடப் பயிரை ஒழுங்காக விதைத்தார்கள். 2006 முதல் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் தூவினார்கள். 2018ல் அந்த நாட்டின் பருத்தி வயல்களிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்ததாகவே அறிவித்தார்கள். இந்தியாவில் 2002ல் அனுமதி, 2010ல் குஜராத்தில் முதல் தலைமுறை பி.டி. பருத்தியைப் புழு வென்றுவிட்டதாக அறிவிப்பு. இரண்டு புரதம் கொண்ட அடுத்த தலைமுறையும் சில ஆண்டுகளில் அதே வழியில் போயிற்று. சீனாவில் யாங்சே ஆற்றுப் படுகை விவசாயிகள், இரு ரகங்களைக் கலந்து உண்டாக்கும் வீரிய ஒட்டின் இரண்டாம் தலைமுறை விதையை விதைத்தார்கள். அதில் நான்கில் ஒரு செடி தானாகவே பி.டி. இல்லாததாக அமைந்தது. யாரும் பொட்டலம் கொடுக்காமலே புகலிடம் கிடைத்தது, புழுவின் எதிர்ப்பும் அடங்கியது.

இந்தியாவில் விதைத்தது வீரிய ஒட்டின் முதல் தலைமுறை. அதன் செடி முழுக்க பி.டி. இருக்கும், ஆனால் காய்க்குள் உருவாகும் விதைகள் பிரிந்துவிடும். சில விதைகளில் புரதம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. விதையைத் தின்னும் புழுவுக்கு இது குறைந்த அளவில் கொடுத்துப் பழக்கும் பள்ளிக்கூடம் போல ஆகிவிட்டது. இதெல்லாம் அனுமதிக் கோப்பில் எழுத வேண்டிய பாதுகாப்பு விஷயம்தான். நான் மேலே "எந்த மரபணு என்று கேளுங்கள்" என்று எழுதினேன். அது பாதிக் கேள்விதான் என்று இப்போது படுகிறது. எந்த மரபணு, எந்த விதை வடிவத்தில், யாருடைய மேற்பார்வையில் என்று கேட்டிருக்க வேண்டும்.

வரப்போரம்:

புழுவின் கதை இப்படி என்றால் களையின் கதை இன்னும் மோசம். கிளைபோசேட்டைத் தாங்கும் சோயா 1996ல் வந்தது. ஒரே மருந்து, எல்லாக் களையும் சாகும், பயிர் மட்டும் நிற்கும். உழவைக் குறைக்கலாம், மண் அரிப்பும் குறையும். அந்த நன்மை உண்மையானது. ஆனால் ஆண்டுக்காண்டு அதே மருந்தை அடித்தால் என்ன ஆகும் என்று களையிடம்தான் கேட்க வேண்டும். கீரைத்தண்டு இனத்தைச் சேர்ந்த பால்மர் அமராந்த் என்ற களை அமெரிக்காவின் தெற்கில் அதைத் தாங்கக் கற்றுக்கொண்டது. ஒரு பெண் செடி சில இலட்சம் விதைகள் உதிர்க்கும். அதற்குத் தீர்வாக வந்தது என்ன? டிகாம்பா என்ற பழைய மருந்தைத் தாங்கும் சோயா. அந்த மருந்து ஆவியாகிப் பக்கத்து வயலுக்குப் பறக்கும். 2017ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 36 இலட்சம் ஏக்கர் சோயா அதனால் இலை சுருண்டதாகக் கணக்கிட்டார்கள். அந்த விதையை வாங்காதவருக்குத்தான் நட்டம்.

கிளைபோசேட் புற்றுநோய் தருமா என்பதிலும் இரண்டு பக்கமும் அவசரப்படுகிறார்கள். 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. முன்னது ஒரு பொருளுக்குக் கெடுக்கும் தன்மை இருக்கிறதா என்று பார்க்கிறது. பின்னவை நடைமுறையில் உடலுக்குள் போகும் அளவில் கெடுக்குமா என்று பார்க்கின்றன. என் கவலை சோயா உண்பவரைப் பற்றியதைவிட, முகமூடி இல்லாமல் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு அடிக்கிறாரே, அவரைப் பற்றியது. இந்த விவாதத்தில் அவர் பெயரை யாரும் எடுப்பதே இல்லை.

சட்டப்புத்தகம்:

விதை உரிமை பற்றி இரண்டு தவறுகள் எல்லா இடத்திலும் சுற்றுகின்றன. திருத்திவிடுகிறேன்.

ஒன்று, முளைக்காத "மலட்டு விதை" விற்கிறார்கள் என்பது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு 1998ல் காப்புரிமை வாங்கியது உண்மை. ஆனால் எதிர்ப்பு கிளம்பி, அது சந்தைக்கு வரவே இல்லை. மறுபடி விதைத்தால் விளைச்சல் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் வீரிய ஒட்டு என்பதுதான். மரபணு மாற்றம் இல்லாத ஒட்டு ரகத்திலும் அதே கதைதான்.

இரண்டு, காற்றில் மகரந்தம் பறந்து வந்ததற்காகக் கனடா விவசாயி பெர்சி ஷ்மைசர் மீது விதை நிறுவனம் வழக்குப் போட்டது என்பது. களைக்கொல்லி அடித்தும் சாகாமல் பிழைத்த செடிகளின் விதையைச் சேர்த்து வைத்து அடுத்த ஆண்டு விதைத்தார் என்பதே நீதிமன்றம் கண்ட உண்மை. 2004ல் கனடா உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நிறுவனத்தின் காப்புரிமையை உறுதிசெய்தது. ஆனால் அவர் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னது. நான்கு நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மரபணுவுக்கு உரிமை கொண்டாடுபவர் செடிக்கே உரிமையாளராகிவிடலாமா என்ற கேள்வி அந்த அளவுக்கு நெருக்கமானது.

காப்புரிமைச் சிக்கல் தொழில்நுட்பத்தோடு கூடப்பிறந்தது இல்லை. ஹவாயில் வளைபுள்ளி வைரஸ் பப்பாளித் தோட்டங்களை அழித்தபோது, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பப்பாளி 1998ல் விவசாயிகளுக்குக் கிடைத்தது. வங்கதேசத்தில் அரசு நிறுவனம் பி.டி. கத்தரியை உள்ளூர் ரகங்களிலேயே வைத்து 2014ல் 20 விவசாயிகளுக்குக் கொடுத்துத் தொடங்கியது. அவை ஒட்டு ரகங்கள் அல்ல, விதையை எடுத்து மறுபடி விதைக்கலாம். அதே கத்தரிக்கு இந்தியாவில் 2010 பிப்ரவரியில் தடைநிறுத்தம் வந்தது, இன்றுவரை நீடிக்கிறது.

கேள்விக்குறி:

மருதம் அம்மா எலி ஆய்வு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதை இனி சான்றாகக் காட்ட மாட்டேன். ஆனால் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. வைட்டமின் ஏ குறைபாட்டுக்குப் பொன்னரிசி என்றார்கள். நல்ல நோக்கம், மறுக்கவில்லை. அதைச் சீனாவில் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, அது மரபணு மாற்றிய அரிசி என்று பெற்றோரிடம் சரியாகச் சொல்லவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரை 2015ல் திரும்பப் பெறப்பட்டது. அரிசியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஆகாமல் இருக்கட்டும். என்னிடம் சொல்லாமல் என் பிள்ளைக்கு ஊட்டினால் நான் எந்த அறிக்கையை நம்புவேன்? பிலிப்பைன்சில் 2021ல் அதைப் பயிரிட அனுமதித்து, 2024ல் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்ததற்கும் இந்த அவநம்பிக்கைக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

மருதம்:

இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒப்புதல் வாங்காமல் செய்த ஒரு சோதனை, ஒழுங்காகச் செய்த நூறு சோதனைகளின் பெயரைக் கெடுத்துவிட்டது. கண்பார்வை போகும் குழந்தைகளுக்குத்தான் அதன் விலை.

பருத்திக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பொட்டலத்தின் கணக்கை யாராவது அன்றைக்கே இப்படி விளக்கியிருந்தால், ஐந்து வரிசையை விட்டுக்கொடுப்பதில் எனக்கு என்ன மனத்தாங்கல்? பறவைக்கும் பக்கத்து மாட்டுக்கும் கொஞ்சம் போவதில்லையா?

நுண்ணோக்கி ஐயாவிடம் ஒரு கேள்வி. இப்போது மரபணுவைத் திருத்தும் புதிய முறை என்கிறார்கள். வெளி மரபணு எதுவும் வைக்காததால் பல நாடுகளில் பழைய விதிகள் அதற்குப் பொருந்தாது என்று படித்தேன். அதில் வரும் பூச்சி எதிர்ப்பு ரகத்துக்கும் இந்தப் பொட்டலம் வருமா, வராதா?

இன்னொன்று அவசரமாக. இந்தப் பருவத்தில் இனக்கவர்ச்சிப் பொறிகள் கட்டியிருக்கிறேன். ஒரு பொறியில் முந்தாநாள் 5 அந்துப்பூச்சி, நேற்று 8, இன்று 9. மருந்தடிக்கலாமா?

நுண்ணோக்கி:

முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: விதி விலக்கு பெற்ற ரகத்துக்கு அந்தப் பொட்டலத்தைக் கட்டாயமாக்க இப்போது யாரும் இல்லை. திருத்திய மரபணு என்பதால் புழு பழகாமல் இருந்துவிடாது. உயிரியல் ஒன்றுதான், சட்டம்தான் வேறு. இதைத் தனியாக எழுதி, விதிகளை வகுக்கும் குழுவுக்கு அனுப்பப் போகிறேன். நீங்கள் இங்கே எழுதிய வயல் அனுபவத்தை உங்கள் அனுமதியோடு அதில் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது: தொடர்ந்து மூன்று இரவுகள் பொறிக்கு 8 வந்தால்தான் பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்தடிக்க வேண்டிய நிலை, என்று கணக்கு. உங்களுக்கு இரண்டு இரவுகள்தான் ஆகியிருக்கின்றன. இன்றிரவு எண்ணிக்கையைப் பாருங்கள். நாளைக் காலை வயலின் பல மூலைகளிலிருந்து 20 பச்சைக் காய்களைப் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டில் உயிருள்ள புழு இருந்தால் அடியுங்கள். இல்லையென்றால் பொறுங்கள். என்ன கண்டீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.

பருத்திக்காரர்:

20 காய் பிளந்தேன். ஒன்றில் மட்டும் இருந்தது. பொறுத்திருக்கிறேன்.